நகர நம்பியரும் முல்லை நிலமும்: ஹிப்ஸ்டர் பண்பாடும் வன்னியும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

சமூகத்திலே புதிதாக வழக்குப்பெறும் சொற்கள் சில முதலில் ஏளனச் சொற்களாகவே வந்து சேருகின்றன. 1970களில் 'ஹிப்பி' என்னும் சொல் நமது பிரதேசத்துக்கு அவ்வாறே வந்தது. நீண்ட தலைமயிரும் அகன்ற காற்சட்டையும் உடைய இளைஞன் எவனும் அன்று அச்சொல்லால் அழைக்கப்படலானான். அச்சொல் எந்த நாட்டில், எந்த வர்க்கத்தினரைக் குறிக்கத் தோன்றியது என்று ஆராய்ந்தவர் மிகச் சிலரே. இன்று 'ஹிப்ஸ்டர்' என்னும் சொல்லும் அதே வழியில் வந்துள்ளது. தாடியை ஒழுங்குறக் கத்தரித்து, தலைமயிரின் ஒரு பக்கத்தை ஒட்ட வெட்டி, முழங்காலிற் கிழிந்த காற்சட்டை அணிந்து கிளிநொச்சிக் கடைவீதியிலோ வவுனியாப் பேருந்து நிலையத்திலோ நிற்கும் இளைஞனைச் சுட்டுதற்கு இச்சொல்லைக் கையாள்வோர் உளர். மூத்தோர் அதனைப் பண்பாட்டுச் சீரழிவென்பர்; இளையோர் நாகரிகமென்பர். இருதிறத்தாரும் ஆடையையும் மயிரையுமே அளவுகோலாகக் கொள்கின்றனர் என்பது கவனிக்கத்தக்கது.

ஆடை ஆண்டுதோறும் மாறுவது. மாறுவதொன்றைக் கொண்டு ஒரு சமூக வகையினரை வரையறுத்தல் இயலாது. ஹிப்ஸ்டர் யார் என்பதற்கு விடை காண வேண்டுமாயின், அவன் எதனை அணிகின்றான் என்ற வினாவை விடுத்து, அவன் அணிவது முன்னர் எவருடையதாயிருந்தது, அவர் அதனை ஏன் அணிந்தார், அணிந்ததைக் களையும் வசதி இருவருள் எவருக்கு உண்டு என்ற வினாக்களை நாம் எழுப்புதல் வேண்டும். இவ்வகையில் நோக்குமிடத்து, ஒருவர் தேவையின் நெருக்குதலால் வாழும் வாழ்வின் அடையாளங்களை, அத்தேவைக்கு ஆட்படாத இன்னொருவர் தமது தெரிவாக எடுத்துக்கொள்ளும் உறவே ஹிப்ஸ்டர் பண்பாட்டின் அடிப்படை என்பது புலனாகும். இக்கட்டுரை அவ்வுறவின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்கி, அதனை வன்னிப் பெருநிலப்பரப்போடு பொருத்திப் பார்க்க முயல்கின்றது. நகரங்களைப் பற்றிய ஒரு பொருளுக்கு, காடும் குளமும் வயலும் நிறைந்த வன்னியை ஏன் தேர்ந்தோம் என்பது போகப்போகத் தெளிவாகும்.

2

இவ்வுறவு மேலைத்தேயத்தாரின் புதுக் கண்டுபிடிப்பன்று. நகரமும் வணிகமும் உபரிச் செல்வமும் தோன்றிய இடங்களிலெல்லாம் இதன் கருநிலைகளைக் காணலாம். சிலப்பதிகாரம் புகார் நகரத்து மறுகில் உலாவித் திரியும் செல்வ இளைஞரை 'நகர நம்பியர்' என்று குறிப்பிடுகின்றது. ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் விலையுடைய மாதவியின் மாலையைக் கூனி கொண்டுநின்றது அத்தகையோர் நடமாடிய தெருவிலேதான். கலையைச் சுவைத்தல் என்பது பொருள்வளத்தையும் ஓய்வையும் முன்நிபந்தனையாகக் கொண்டது என்பதை இளங்கோ மறைத்தாரல்லர்.

இதனினும் நுட்பமான சான்று பத்துப்பாட்டில் உள்ளது. முல்லை நிலத்தையும் அதன் கார்காலத்தையும் காத்திருத்தலாகிய ஒழுக்கத்தையும் 103 அடிகளிற் பாடிய முல்லைப்பாட்டின் ஆசிரியர் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் எனப்படுகின்றார். துறைமுக நகரமொன்றின் பொன் வணிகர் மகன், ஆயரும் வேட்டுவரும் வாழ்ந்த காட்டு நிலத்தைத் தம் பாடுபொருளாகக் கொண்டமை தற்செயலானதென்று தள்ளிவிடத்தக்கதன்று. திணைக் கோட்பாடு பற்றி 1974இல் வெளியான தமது ஆய்வில் பேராசிரியர் கா. சிவத்தம்பி, திணைகளின் பின்னே சமனற்ற பொருளாதார வளர்ச்சி நிலைகள் இருந்தமையைச் சுட்டினார். முல்லை ஒரு காலத்தில் ஒரு மக்கட்கூட்டத்தின் பிழைப்புமுறை; நகரத்துப் புலவனிடத்து அது உள்ளத்து உணர்வொன்றின் பின்புலமாகின்றது. எனினும், அப்பாட்டினுள்ளேயே காட்டுப் புதர்கள் வெட்டப்படுகின்றன. வேட்டுவரின் சிற்றரண்கள் அழிக்கப்படுகின்றன. முள்வேலியிட்ட அரச பாசறை எழுகின்றது. நிலத்தின் அழகைப் பாடிய கவிஞர், அந்நிலம் எவரிடமிருந்து எவர் கைக்கு மாறியது என்பதையும் பதிவுசெய்துவிட்டார். நல்ல இலக்கியம் தன்னை ஆக்கிய வர்க்கத்தின் விருப்பத்தையும் மீறி உண்மை பேசும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டாகும்.

நகர நம்பியரை ஹிப்ஸ்டர் என்று கூறுவது நமது கருத்தன்று. நிலவுடைமைச் சமூகத்துச் செல்வன் தன் செல்வத்தை வெளிக்காட்டினான். செல்வத்தை மறைத்து எளிமையை வெளிக்காட்டும் தேவை முதலாளித்துவ நகரத்துக்கே உரியது. அதன் வரலாற்றை இனி நோக்குவோம்.

3

'ஹிப்ஸ்டர்' என்னும் சொல் 1940களில் ஐக்கிய அமெரிக்காவின் ஜாஸ் இசைச் சூழலில் வழக்குப்பெற்றது. ஜாஸ் கறுப்பின மக்களின் படைப்பு. அடிமை முறையின் நினைவும், தென் மாநிலங்களில் நிலவிய இன ஒதுக்கலும், வட நகரங்களின் நெரிசல் மிக்க குடியிருப்புகளும் அவ்விசையை உருவாக்கின. அக்கலைஞர்களுடைய பேச்சு, உடை, உலகைச் சற்றே விலகி நின்று நோக்கும் மனப்பாங்கு ஆகியன அவர்களுக்கு ஒரு தற்காப்பாக இருந்தன. வெள்ளை இன இளைஞர் சிலர் அத்தற்காப்பின் புறவடிவத்தைத் தமதாக்கிக்கொண்டனர். 1948இல் அனற்றோல் புறோயார்ட் ஹிப்ஸ்டரின் உருவச் சித்திரம் ஒன்றைக் கட்டுரையாக வரைந்தார். கறுப்பின மரபிற் பிறந்த அவர், அதனை வெளிப்படுத்தாது வெள்ளையராகவே பெரும்பாலும் வாழ்ந்தவர் என்பது 1990இல் அவர் இறந்த பின்னரே பரவலாகப் பேசப்பட்டது. வெள்ளையன் கறுப்பனின் வேடம் புனைவது விளையாட்டாகவும், கறுப்பன் வெள்ளையனாக வாழ்வது உயிர்ப்பிழைப்பாகவும் இருந்த சமூகத்தில் அச்சொல் பிறந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

1957இல் நோர்மன் மெயிலர் தமது புகழ்பெற்ற கட்டுரையிலே ஹிப்ஸ்டரை 'வெள்ளை நீக்ரோ' என்று வருணித்து, அவனை அணுகுண்டு யுகத்தின் கிளர்ச்சியாளனாகக் கண்டார். கறுப்பின எழுத்தாளரான ஜேம்ஸ் போல்ட்வின் 1961இல் இதற்கு மறுமொழி எழுதினார். தம்மவரின் துன்ப வாழ்வு பிறருடைய கற்பனைக்குக் கச்சாப்பொருளாவதை அவர் ஏற்கவில்லை. இவ்விவாதமே பிற்கால விவாதங்கள் அனைத்துக்கும் மூலமாகும்.

1960களின் நடுப்பகுதியில் சான் பிரான்சிஸ்கோவில் தோன்றிய ஹிப்பிகள் இச்சொல்லின் வழிவந்தவர்கள். வியற்நாம் யுத்த எதிர்ப்பும் பொருள்சார் வாழ்வின் மீது வெறுப்பும் அவர்களிடம் இருந்தன. அவர்களை முதலாளித்துவச் சீரழிவின் வெளிப்பாடு என்ற ஒரே தொடரால் ஒதுக்கிவிடுதல் போதுமானதன்று. உழைப்பு தன்னிடமிருந்து அன்னியமாகிய ஒரு சமூகத்திலே, அவ்வன்னியமாதலை உணர்ந்த இளைஞரின் எதிர்க்குரல் அது. ஆயின், அக்குரல் உற்பத்தி உறவுகளை நோக்கித் திரும்பாது, நுகரும் முறையை மாற்றுவதோடு அமைதி கண்டது. அதுவே அதன் எல்லையுமாகும்.

1990களின் இறுதியில் நியூயோர்க்கில் ஹிப்ஸ்டர் மீண்டும் தோன்றியபோது எதிர்ப்புக் குரலும் பெரும்பாலும் அடங்கியிருந்தது. மார்க் கிறைஃப் முதலியோர் 2009இல் நடத்திய கருத்தரங்கும், 2010இல் அதனையொட்டி வெளிவந்த நூலும் ஹிப்ஸ்டர் யாராயிருந்தான் என்பதைத் தலைப்பிலேயே இறந்தகால வினாவாக எழுப்பின. லொறிச் சாரதிகளின் தொப்பி, தொழிலாளர் குடிக்கும் மலிவு பியர், விறகுவெட்டியின் கட்டமிட்ட சட்டை, பழைய சைக்கிள், தட்டச்சுப்பொறி, இசைத்தட்டு என்பன அவனுடைய அடையாளங்களாயின. பல்கலைக்கழகக் கல்வி பெற்ற நடுத்தர வர்க்கத்து மகன், உடல் உழைப்பாளியின் புறக்கோலத்தை அவனது உழைப்பின்றி எடுத்துக்கொண்டான். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியேர் பூர்தியூ 1979இல் வெளியிட்ட நூலிலே, சுவை என்பது வர்க்க வேறுபாட்டை நிலைநிறுத்தும் கருவி என்று விரிவான சான்றுகளோடு நிறுவினார். பணம் குறைவாகவும் பண்பாட்டு அறிவு மிகுதியாகவும் உடையோர், அவ்வறிவையே மூலதனமாக்கித் தம்மை உயர்த்திக்கொள்வர். பிறர் அறியுமுன் ஒன்றை அறிதலும், பிறர் அறிந்தவுடன் அதனைக் கைவிடுதலும் ஹிப்ஸ்டரின் இயல்பாவதன் காரணம் இதுவே. தன்னை ஹிப்ஸ்டர் என்று எவனும் ஒப்புக்கொள்ளாமையின் காரணமும் இதுவே. தன் சுவை ஒரு கூட்டத்தாருக்குப் பொதுவானது என்று ஏற்ற மாத்திரத்தில் அதன் மதிப்பு வீழ்ந்துவிடும்.

4

இப்பண்பாடு எந்த இடத்திற் செழிக்கின்றது? நியூயோர்க்கின் வில்லியம்ஸ்பேர்க், லண்டனின் ஷோர்டிச், பேர்லினின் குறொய்ஸ்பேர்க் என்பன எடுத்துக்காட்டாகக் கூறப்படுவன. இவற்றுக்குப் பொதுவான இயல்பொன்று உண்டு. இவை தொழிலாளரும் குடிவரவாளரும் வாழ்ந்த பகுதிகள். பட்டறைகளும் பண்டகசாலைகளும் இருந்த பகுதிகள். மூலதனம் வேறிடம் பெயர்ந்ததால் வாடகை வீழ்ந்த பகுதிகள். அதே வேளையில் நகரின் செல்வ மையத்திலிருந்து வெகுதொலைவில் இல்லாதவை.

தொழிலாளர் குடியிருப்புகளுள் நடுத்தர வர்க்கத்தினர் புகுந்து பழைய குடிகளை வெளியேற்றும் போக்குக்கு 1964இல் லண்டனை ஆராய்ந்த ரூத் கிளாஸ் ஒரு பெயர் சூட்டினார். மார்க்சியப் புவியியலாளரான நீல் சிமித் 1979இல் இதன் பொருளாதாரப் பொறிமுறையை விளக்கினார். ஒரு காணி இன்று ஈட்டித்தரும் வாடகைக்கும், அது வேறு வகையிற் பயன்பட்டால் ஈட்டித்தரக்கூடிய வாடகைக்கும் இடையிலான வெளி போதிய அளவு விரியும்போது மூலதனம் அங்கு மீள்கின்றது. கலைஞரும் ஹிப்ஸ்டரும் அம்மீள்வருகையின் முன்னோடிகளாக அமைகின்றனர். அவர்கள் திறக்கும் கோப்பிக்கடையும் ஓவியக்கூடமும், அப்பகுதி இனி அச்சத்துக்குரியதன்று என்று மூலதனத்துக்கு அறிவிக்கின்றன. வில்லியம்ஸ்பேர்க்கில் 2005இல் நகர நிருவாகம் நிலப்பயன்பாட்டு விதிகளை மாற்றியதும் ஆற்றங்கரையில் அடுக்குமாடிகள் எழுந்தன. வாடகை உயர்ந்தது. பழைய குடிகள் பலர் வெளியேறினர். முன்னோடிகளாய் வந்த கலைஞரிற் பலரும் வெளியேற நேர்ந்தது.

தெற்காசியாவிலும் இதனைக் காணலாம். மும்பாயில் 1982இல் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் நெசவாலைத் தொழிலாளர் ஈடுபட்ட பெருவேலைநிறுத்தம் முறியடிக்கப்பட்ட பின், ஆலைகள் பல மூடப்பட்டன. அவை இருந்த நிலத்திலே இன்று அங்காடி மாளிகைகளும் உணவகங்களும் நிற்கின்றன. ஆலைப் புகைபோக்கி அலங்காரப் பொருளாகப் பேணப்படுகின்றது. கொழும்பின் கொம்பனித்தெருவிலே பழைய பண்டகசாலைகள் உணவகங்களாகவும் காட்சிக்கூடங்களாகவும் மாறின. அதே கொம்பனித்தெருவில், 2010 மே மாதத்தில் மியூஸ் வீதி மக்களின் வீடுகள் இடித்தழிக்கப்பட்டன. பழைய சுவர் அழகென்று பேணப்படுவதும், அச்சுவரின் அருகே வாழ்ந்தவர் அகற்றப்படுவதும் ஒரே நிகழ்முறையின் இரு பக்கங்களாகும்.

ஆகவே, ஹிப்ஸ்டர் பண்பாடு செழித்தற்கு மூன்று நிபந்தனைகள் தேவையென நாம் வகுக்கலாம். முதலாவது, கல்வி கற்று, உடனடி வயிற்றுப்பாட்டின் நெருக்குதல் இல்லாத ஓர் இளைஞர் பகுதி. இரண்டாவது, மூலதனம் கைவிட்டுச் சென்ற, ஆயினும் மீண்டும் விரும்பக்கூடிய கட்டடங்களும் காணியும். மூன்றாவது, பின்வாங்கும் வழி. அதாவது வேடத்தைக் களைந்து பெற்றோரின் வர்க்கத்துக்குத் திரும்பும் வசதி.

5

இம்மூன்று நிபந்தனைகளையும் கொண்டு வன்னியை நோக்கும்போது, அங்கே அவை எதுவும் நிறைவேறியிருக்கவில்லை என்பது தெளிவு. எனினும், வன்னிக்கும் ஹிப்ஸ்டர் பண்பாட்டுக்கும் தொடர்பில்லை என்று முடித்துவிடுதல் தவறாகும். தேவையைத் தெரிவாக மாற்றும் உறவில், தெரிவு நகரத்தினிடத்திலும் தேவை வன்னியினிடத்திலும் அமைந்திருந்தமையை அதன் வரலாறு காட்டுகின்றது.

யாழ்ப்பாணத்தின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் பொருட்டு 1936இல் கிளிநொச்சியிற் குடியேற்றத் திட்டம் தொடங்கப்பெற்றது. இரணைமடுக் குளத்து நீர் அதற்கு ஆதாரமாயிற்று. பின்னர் வவுனிக்குளம், முத்தையன்கட்டு முதலிய குளங்களின் புனரமைப்பு மேலும் குடிகளை ஈர்த்தது. 1960களின் பிற்பகுதியிலிருந்து விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற இடங்களில் படித்த வாலிபர் குடியேற்றத் திட்டங்கள் நடைமுறைப்படுத்தப்பட்டன. வெள்ளைச் சட்டை உத்தியோகத்துக்கெனப் படித்த இளைஞர் மண்வெட்டியை ஏந்தினர். இதனை மண்ணுக்குத் திரும்பும் இலட்சியமாகப் பாராட்டியோர் உளர். உண்மையில் அரசாங்க உத்தியோகத்தின் கதவு அடைபட்ட காலம் அது. அவ்விளைஞரின் மண்வெட்டி தெரிவின் பாற்பட்டதாகத் தோன்றினும் தேவையின் பாற்பட்டதே. 1970 முதல் 1977 வரை மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையால் அவர்கள் கையிற் பணம் புழங்கியது. 1977இன் பின் திறந்த பொருளாதாரம் வந்தது, இறக்குமதி பெருகியது, விலை வீழ்ந்தது. கொழும்பில் எடுக்கப்பட்ட ஒரு கொள்கை முடிவு விசுவமடுவின் தோட்டங்களில் வாழ்வைத் தீர்மானித்தது.

இந்த மாற்றங்களின் நடுவே வன்னி இலக்கியப் பொருளாயிற்று. தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973இல் வெளிவந்தது. செங்கை ஆழியானின் 'காட்டாறு' 1977இல் வெளிவந்தது. கிளிநொச்சிக் குடியேற்றத்தைப் பொருளாகக் கொண்ட தாமரைச்செல்வியின் 'பச்சை வயல் கனவு' 2004இல் நூலுருப்பெற்றது. 'மண்வாசனை' என்னும் சொல் ஈழத்து விமரிசனத்திற் பெருவழக்காயிருந்த காலத்தில் வன்னிக் கதைகள் நகர்ப்புற வாசகரிடையே விரும்பிப் படிக்கப்பட்டன. தேனும் தயிரும் வேட்டையும் குளக்கட்டும் வாசகனுக்கு இன்பமூட்டின. இவற்றுள் மண்ணில் உழைப்போரின் உறவுகளைக் காட்டும் எழுத்தையும், மண்ணின் வாசனையை மட்டும் நகரத்துக்கு அனுப்பும் எழுத்தையும் வேறுபடுத்திக் காண்பதே விமரிசகரின் கடமையாகும். மேற்கூறிய நாவல்கள் நிலைத்து நிற்பது அவற்றின் காட்டு வருணனையால் மட்டுமன்று. வெளியிலிருந்து வருவோருக்கும் அங்கு வாழ்வோருக்கும், காணியுடையோருக்கும் அதில் உழைப்போருக்கும் இடையிலான முரண்பாடுகளை அவை தத்தம் அளவில் தொட்டுள்ளன.

தேவைக்கும் தெரிவுக்கும் இடையிலான வேறுபாட்டை ஒரே பொருளில் வைத்துக் காட்டுதற்கு ஜாம் போத்தலினும் சிறந்த சான்றில்லை. இன்று நியூயோர்க்கிலும் லண்டனிலும் சென்னையிலும் கொழும்பிலும் ஹிப்ஸ்டர் சுவைக்கென அமைந்த உணவகங்களிற் பானங்கள் கண்ணாடிப் போத்தல்களில் ஊற்றித் தரப்படுகின்றன. விட்டத்தில் தொங்கும் போத்தல்களுக்குள் மங்கிய மின்விளக்குகள் எரிகின்றன. வன்னியும் போத்தல் விளக்கை அறியும். 1990களில், 2002 வரை நீடித்த பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெய் அரும்பொருளாயிற்று. ஜாம் போத்தலின் அடியிற் பஞ்சை இட்டு, அது நனையுமளவுக்கு எண்ணெய் விட்டு, சைக்கிள் ரியூப்பின் வால்வினூடே திரியைச் செலுத்தி, அவ்வொளியிலே ஒரு தலைமுறை படித்துப் பரீட்சை எழுதிற்று. மின்கலம் தடைசெய்யப்பட்டமையால் சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழத்தால் உடை துவைத்தனர். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிற்று. பழையதைப் பேணல், கையாற் செய்தல், பயன்பட்டதை மீளப் பயன்படுத்தல் என்று ஹிப்ஸ்டர் பண்பாடு போற்றும் ஒழுக்கங்கள் யாவும் அன்று வன்னியில் நடைமுறையில் இருந்தன. அவற்றை எவரும் சுவை என்று அழைக்கவில்லை. போத்தல் ஒன்றே, அதன் பயன்பெறுமானத்தையும் பரிவர்த்தனைப் பெறுமானத்தையும் தீர்மானித்த சமூக உறவுகள் வேறு. பண்டம் தன் வரலாற்றை மறைத்துக்கொண்டு நம் முன் நிற்கும் என்ற மார்க்சின் கூற்றுக்கு இதனினும் எளிய விளக்கம் கிட்டாது.

6

போர் 2009 மே மாதத்தில் முடிவுற்றது. ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் முகாம்களில் அடைக்கப்பட்டனர். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. வன்னியில் வெறுமையான கட்டடங்களும் காணிகளும் அன்று ஏராளமாயிருந்தன. அவை மூலதனம் கைவிட்டவை அல்ல. உரியவர் துரத்தப்பட்டமையால் வெறுமையானவை. முல்லைத்தீவு மாவட்டத்தின் பிலவுக்குடியிருப்பு மக்கள் 2017 ஜனவரி 31ஆந் திகதி படைமுகாமின் வாயிலிற் போராட்டத்தைத் தொடங்கி, இரவும் பகலும் அங்கேயே தங்கி, மார்ச் முதலாந் திகதியே தம் காணிகளுட் புகுந்தனர். நகர ஹிப்ஸ்டருக்கு வெற்றுக் காணி ஒரு வாய்ப்பு. இங்கு அது ஒரு வழக்கு. அழிவும் காட்சிப்பொருளாகியது. கிளிநொச்சியிற் சரிந்து வீழ்ந்த நீர்த்தாங்கி நினைவுச்சின்னமாக்கப்பட்டு, அதனருகே நினைவுப்பொருட் கடையும் வைக்கப்பட்டது. நீரின்றி இருந்தவருக்கு அது நீர்த்தாங்கி. தூரத்திலிருந்து வந்தவருக்கு அது நிழற்படத்தின் பின்னணி.

இப்பின்னணியில், தொடக்கத்தில் நாம் குறிப்பிட்ட இளைஞனை மீள நோக்குவோம். அவன் ஹிப்ஸ்டர் அல்லன். ஹிப்ஸ்டர் வறியவனின் அடையாளத்தை வேண்டுமென்றே அணிகின்றான். வன்னி இளைஞனோ தன் வறுமை தெரியாதிருத்தற்காக அணிகின்றான். அவனது கிழிந்த காற்சட்டை புதிதாக விலைக்கு வாங்கப்பட்டது. தந்தையின் கிழிந்த சாரத்தை அவன் ஒருபோதும் கடைவீதிக்கு உடுத்து வரான். ஹிப்ஸ்டர் மோட்டார் வாகனத்தை விடுத்துச் சைக்கிளுக்கு வருகின்றான்; இவன் சைக்கிளை விட்டு, மாதத் தவணையில் மோட்டார் சைக்கிளுக்குச் செல்கின்றான். இருவர் கோலமும் ஒன்றுபோற் காணப்படினும் ஒருவன் படியில் இறங்குகின்றான், மற்றவன் ஏற முயல்கின்றான். ஏறுபவனைக் கண்டு பண்பாடு சீரழிந்தது என்று வருந்தும் மூத்தோர், அவனது தவணைக் கடனையும் வேலையின்மையையும் பற்றி அதே அளவு வருந்துவார்களாயின் அது பயனுடைத்தாகும்.

பிறருடைய வாழ்வைத் தம் தெரிவாக ஏற்றல் எப்போதும் வேடமாகவே முடியவேண்டும் என்பதுமில்லை. 1970களின் பிற்பகுதியில் வவுனியாவை மையமாகக் கொண்டு இயங்கிய காந்தீயம் இதற்குச் சான்று. வெளிநாடுகளிற் பணியாற்றிய கட்டடக் கலைஞரான எஸ். ஏ. டேவிட்டும், மருத்துவரான எஸ். இராஜசுந்தரமும் தம் தொழில்வழி வசதிகளைத் துறந்து, வன்செயல்களால் இடம்பெயர்ந்த மலையகத் தமிழ் மக்களை வன்னியிற் குடியமர்த்தும் பணியில் ஈடுபட்டனர். 1983 ஏப்பிரலில் இருவரும் கைதாயினர். அவ்வாண்டு யூலை 27ஆந் திகதி வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். உயிர்தப்பிய டேவிட் நெடுங்காலம் புலம்பெயர்ந்து வாழ்ந்து 2015இற் காலமானார். காந்தீயத்தின் கருத்தியலோடு மார்க்சியர் உடன்படவேண்டும் என்பதில்லை. ஆயினும், அவர்கள் எளிய உடையையும் எளிய உணவையும் மட்டும் எடுத்துக்கொண்டவரல்லர். அம்மக்களின் ஆபத்தையும் எடுத்துக்கொண்டனர். பின்வாங்கும் வழியைத் தாமே அடைத்துக்கொண்டனர். மேலே வகுத்த மூன்றாவது நிபந்தனையின் முக்கியத்துவம் இங்கே தெளிவாகின்றது. திரும்பிச் செல்லும் வசதியைக் கையில் வைத்துக்கொண்டு ஏற்கும் எளிமை சுவை. அதனை இழக்கத் துணிந்து ஏற்கும் எளிமை அரசியல். அவர்கள் குடியமர்த்த முனைந்த மக்களின் வழிவந்தோர் பலர் இன்றும் கிளிநொச்சி, வவுனியா மாவட்டங்களிற் காணி உறுதியின்றி வாழ்கின்றனர் என்பதையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும்.

நகரத்தின் சுவை வன்னியை நோக்கி வரும் என்பதில் ஐயமில்லை, ஏற்கனவே வந்துகொண்டுமிருக்கின்றது. குரக்கன், மொட்டைக்கறுப்பன் அரிசி, காட்டுத்தேன், பனங்கட்டி ஆகியவற்றை உடல்நலத்தின் பெயராலும் மரபின் பெயராலும் நகரத்தார் தேடுகின்றனர். இது தீங்கென்று நாம் கருதவில்லை. கேள்வி யாதெனின், அச்சுவையின் பயன் எவர் கையிற் சேரும் என்பதே. வட மாகாண விவசாயத் திணைக்களத்தின் முயற்சியால் வவுனியா, கிளிநொச்சி முதலிய இடங்களில் தோன்றிய 'அம்மாச்சி' உணவகங்கள் இவ்வகையிற் கருதத்தக்கன. மரபுவழி உணவை உள்ளூர்ப் பெண்களே ஆக்கி, தாமே விற்று, வருவாயைத் தாமே பெறுகின்றனர். வழிப்போக்கரான நகரத்தாருக்கு அது சுவை. உள்ளூர்த் தொழிலாளிக்கு அது குறைந்த விலையில் ஒரு வேளை உணவு. ஆக்குபவருக்கு அது சீவனோபாயம். இம்மூன்றும் ஓரிடத்தில் அமையக் காரணம், உற்பத்திச் சாதனத்தின் மீது உழைப்போருக்கு ஓரளவேனும் பிடி இருத்தலே. அதே உணவை, அதே மண்சுவரும் கிடுகுக் கூரையும் புனைந்து, நகர முதலீட்டாளர் ஒருவர் பெருந்தெருவோரக் காணியில் விற்கத் தொடங்குவாராயின், அப்பெண்கள் அங்குக் கூலிக்கு நிற்பர்; உணவு மாறாது, உறவு மாறும்.

கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கற்ற இளைஞர் பகுதியொன்று இனி வன்னியிலேயே உருவாகும். கோப்பிக்கடையும் ஓவியக்கூடமும் ஒருநாள் அங்கும் தோன்றும். அவை தோன்றுவதற்கு முன்னரே காணி உறுதிகள் உழுவோர் கையில் இருத்தல் வேண்டும். தேனெடுப்போருக்கும் நெல் விளைவிப்போருக்கும் தம் விளைபொருளின் விலையைத் தாமே பேசித் தீர்க்கும் கூட்டுறவு அமைப்புகள் வலுப்பெற்றிருத்தல் வேண்டும். தமிழாராய்ச்சியிலே ஈடுபடும் நாமும், மண்வாசனை என்று ஒரு படைப்பைப் போற்றுமுன், அம்மண் எவர் பெயரில் பதிவாகியுள்ளது என்று கேட்கப் பழகுதல் வேண்டும். பொன்வாணிகர் மகன் பாடிய பாட்டிலே அழிந்த வேட்டுவரின் அரண்கள் இடம்பெற்றன; அவ்வேட்டுவர் பாடிய பாட்டு ஏட்டில் ஏறவில்லை. வன்னியின் பிள்ளைகள் தம் நிலத்தில் நின்று தாமே எழுதுங்காலை அக்குறை நீங்கும்.